எல்லாம் கிளீன்

புளத்கொகுபிட்டிய டவுனில் எந்தக் கடைக் கம்பியூட்டரில் அவர் கை வைத்திருக்கிறார் என்பதைத் தெருவில் நின்றே சொல்லிவிடலாம். திரையில் இருக்கும் சின்னச் சின்னப் படங்கள் வடை அளவுக்குப் பெருத்திருக்கும். எழுத்துகள் பஸ் போர்டு எழுத்து மாதிரி தடித்துக் கிடக்கும். மனிதர்களின் படத்தைத் திறந்தால் முகமெல்லாம் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். பாமசி, சீமெந்துக் கடை, பாடசாலை ஆபீஸ், ஏன், ஒரு காலத்தில் சேர்ச் ஆபீஸ் வரைக்கும் இதே கோலம்தான். அவர் பழுது பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

கம்பியூட்டர் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் திரையில் படம் வரைவதற்கென்றே ஒரு பாகம் இருக்கிறது. அதை எப்படி வேலை வாங்குவது என்று கம்பியூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். சூட்டிலோ தூசியிலோ அது சில நேரம் தடுக்கி விழும். திரை உறைந்து, கறுத்து, மறுபடி போட்டால் நாலைந்து கலரோடும் பெரிய எழுத்தோடும் வந்து நிற்கும். உள்ளே வைத்திருப்பதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. டிரைவரைத் திரும்பப் போட்டால் கலர் வந்துவிடும். அவ்வளவுதான் சங்கதி.

அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான் இருந்தது. ஃபோமட். உள்ளே இருப்பதையெல்லாம் ஒன்று விடாமல் துடைத்துவிட்டு ஆரம்பத்திலிருந்து ஏற்றுவது. துடைத்த பிறகு போடுவதற்கு அந்த டிரைவர் சீடி அவரிடம் இருந்தால்தானே? இருக்காது. ஆகவே துடைத்து முடித்த பின்னும் திரையில் அதே வடை, அதே பஸ் போர்டு. வந்த நோய் அப்படியே இருக்கும், நோயாளியின் வீட்டுச் சாமான்கள் மட்டும் காணாமல் போயிருக்கும். அதைக் காட்டி அவர் சொல்வார்: "இப்ப எழுத்து பெருசா தெரியுதுல்ல? கண்ணுக்கு நல்லது. எல்லாம் கிளீன்."

எல்லாம் கிளீன். அந்த வார்த்தையை இன்று யாராவது சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் எங்கள் றப்பர்த் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் இளைய மகன். கொழும்பில் ஏதோ படித்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பியவர். என்ன படித்தார் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. புளத்கொகுபிட்டிய வெயிலிலும் மழையிலும் டை கட்டியிருப்பார். கையில் சிப் இழுத்து மூடும் கறுப்புப் பை, அதற்குள் அடுக்கடுக்காகச் சீடிகள். தோட்டத்துச் சனம் "கம்பியூட்டர் சேர்" என்றது. டவுன் சிங்களக் கடைக்காரர்கள் "மாத்தயா" என்று எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார்கள். கம்பியூட்டரின் முன்னால் உட்கார்ந்ததும் எல்லோரையும் பின்னால் போய் நிற்கச் சொல்வார். பெட்டியின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டில் யாருக்கோ ஆகாத வியாதி வந்துவிட்ட மாதிரி, "வைரஸ்" என்பார். "கலர் வைரஸ். இந்தியாவுல இருந்து வந்திருக்கு. பரவுறதுக்குள்ள ஃபோமட் பண்ணியாகணும்."

நான் பஸ் ஸ்டேண்ட் பக்கத்திலிருந்த கொமியுனிகேஷன் கடையில் வேலை செய்தேன். வெளிநாட்டுக்குப் போன் பேசுவது, டைப் அடிப்பது, போட்டோ, கலியாண வீடியோ எல்லாம் அங்கே உண்டு. முதலாளி மாவனல்லைக்காரர். அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். நல்ல மனிதர், ஆனால் டை கட்டியவர் எது சொன்னாலும் நம்பிவிடுவார். கம்பியூட்டர் சேர் எங்கள் கடைக்கு வருவது வேலைக்காக மட்டுமல்ல, பிளேன்டீக்காகவும்தான். வந்தால் என் பின்னால் நின்று திரையைப் பார்ப்பார். எனக்கு முதுகு கூசும்.

அவருடைய அறியாமை எனக்குப் பிரச்சினையே இல்லை. எனக்கும்தான் பாதி தெரியாது. தெரியாது என்று சொல்லத் தெரியாத ஜென்மம் அது. போகட்டும், அழிப்பதிலாவது ஒரு தயக்கம் இருந்ததா? கிடையாது. சேர்ச் பாஸ்டரின் கம்பியூட்டரில் பாவம் அந்த மனிதர் ஊழியத்துக்கு வந்த நாளிலிருந்து செய்த பிரசங்கமெல்லாம் டைப் அடித்து வைத்திருந்தார். திரை ஒருநாள் மங்கியது. சேர் போனார், காதை வைத்தார், துடைத்தார். பாஸ்டர் கண் கலங்கி நின்றபோது தோளைத் தட்டி, "கவலப்படாதீங்க பாஸ்டர், இனிமே புதுசு புதுசா பிரசங்கம் பண்ணலாமே" என்றாராம். பாஸ்டர் அதற்கும் நன்றி சொல்லியிருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கம்பியூட்டரோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கோயில் கமிட்டியில் அவரைச் செயலாளராகப் போட்டார்கள். மாரியம்மன் கோயில் உள்சுவரில் அந்தக் காலத்து ஆட்கள் தங்கள் கையாலேயே வரைந்த படங்கள் இருந்தன. அம்மனுக்கு ஒரு கண் பெரிது, சிங்கம் நாய் மாதிரி இருக்கும், இருந்தாலும் எங்கள் ஆட்கள் வரைந்தது. மழைக்கு ஒரு மூலையில் கொஞ்சம் ஈரம் ஊறிப் பாசி பிடித்தது. அந்த மூலையைச் சுரண்டிப் பூசினால் போதும். இவர் நாலு சுவருக்கும் வெள்ளை அடிக்க வைத்தார். திருவிழாவுக்கு வந்தவர்கள் திகைத்து நிற்க, இவர் சுவரைக் கையால் தடவிக்காட்டி அதே மூன்றெழுத்து இங்கிலீஷைச் சொன்னாராம், கிளீன் என்று. அடுத்த மழைக்கு அதே மூலையில் மறுபடி பாசி பிடித்தது.

இன்னொரு தரம் தன் கலியாணப் போட்டோவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அண்ணனோடு ஏதோ காணித் தகராறு. "மிஸ், இதுல இருந்து இந்த ஆள எடுத்துருங்க" என்றார்.

"யாருங்க சேர், உங்க அண்ணனையா?"

"அவரு இனிமே எனக்கு அண்ணன் இல்ல. எடுத்துருங்க."

மழை நாளில் எடுத்த படம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மேலே அண்ணன்தான் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஆளை எடுத்துவிட்டேன். குடை அந்தரத்தில் நின்றது. அதையும் எடுக்கட்டுமா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "குடை இருக்கட்டும். மழைதானே" என்றார். அந்தப் படம் அவர் வீட்டு ஹாலில் பிரேம் போட்டுத் தொங்கியது. போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இப்போது பூங்காவனத்தம்மாவின் கதைக்கு வருகிறேன். இந்த ஆளைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பூங்காவனத்தம்மா எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் இருந்தவர். றப்பர் மலையில் பால் வெட்டியவர். புருஷன் இல்லை. ஒரே மகள் ராணி, குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். ஞாயிறு ஞாயிறு எங்கள் கடைக்குத்தான் போன் எடுப்பாள். அம்மாவும் காலையிலேயே குளித்து, தலை சீவி, கடை வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார். போனில் மகளைத் திட்டுவதற்குத்தான் அந்த அலங்காரமெல்லாம். ஏன் லேட்டா எடுத்தே, ஏன் சாப்பிடல, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு என்று ஒரே அதட்டல். பேசி முடித்ததும் முந்தானையால் ரிசீவரைத் துடைத்து வைத்துவிட்டுப் போவார்.

அவர் நெஞ்சுவலியில் திடீரென்று போனபோது ராணியை அவள் வேலை செய்த வீட்டு மேடம் விடவில்லை. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். மத்திய கிழக்கில் பிள்ளைகள் இருந்தால் சாவு வீட்டை வீடியோ எடுத்து அனுப்புவது. கலியாணத்துக்கு எடுப்பதைவிட அந்தக் காலத்தில் சாவுக்கு எடுத்ததுதான் அதிகம். ராணி அன்றைக்குப் போனில் அழவில்லை. வறண்ட குரலில் ஒன்றைத்தான் கேட்டாள்: "அக்கா, நானாகிட்ட சொல்லி அம்மா முகத்த நல்லா கிட்ட எடுக்கச் சொல்லுங்க. நான் பாக்கணும். அத பாக்காம எனக்கு நம்ப முடியாதுக்கா."

நானாவே கமராவோடு வந்து எடுத்தார். கிட்டத்தில், நிதானமாக, முகத்தில் கமராவை நிறுத்தி எடுத்தார். கடைக்குக் கொண்டுவந்து கம்பியூட்டருக்குள் ஏற்றினோம். ஏற்றிய பிறகு டேப்பை வைத்திருக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. எந்த வீடியோக் கடையிலும் இல்லை. அதே டேப்பில் அடுத்த விசேஷத்தை எடுப்போம். அந்த ஞாயிறு நானா வரக்காப்பொலையில் ஒரு கலியாணத்துக்குப் போனார். பூங்காவனத்தம்மாவின் மேல் பொண்ணு மாப்பிள்ளை ஏறினார்கள். ஆகவே அந்த அம்மா இந்த உலகத்தில் கம்பியூட்டருக்குள் மட்டும்தான் இருந்தார்.

வெட்டி ஒட்டும் வேலை என்னுடையது. தோட்டத்தின் பக்கத்து டிவிஷன் பெண் ஒருத்தி அந்த வெள்ளிக்கிழமை குவைத்துக்குப் போகவிருந்தாள், அவள் கையில் டிஸ்க்கைக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. வேலை முக்கால்வாசி முடிந்திருந்தபோது திரை உறைந்தது. பிறகு நீலமாகி, டிரைவர் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு மாட்டிவிட்டது என்று இங்கிலீஷில் வந்தது. மறுபடி போட்டேன். வடை அளவுப் படங்கள், பஸ் போர்டு எழுத்து. நான் பதறவில்லை. இது முன்பும் வந்திருக்கிறது. கேகாலையிலிருந்து வந்த கம்பனிப் பையன் விசிறியில் அடைத்திருந்த தூசியைத் தட்டி, சீடியைப் போட்டுச் சரி செய்ததைப் பார்த்திருக்கிறேன். வீடியோ இருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். இருந்தது. பூங்காவனத்தம்மாவின் முகம் பச்சையும் ஊதாவுமாகத் தெரிந்தது, ஆனால் இருந்தது.

மேசை லாச்சியில் கிடந்த டிரைவர் சீடியில் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்திருந்தது. கம்பியூட்டர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. கேகாலைக்குப் போய் வேறொன்று வாங்கி வரப் புறப்பட்டேன்.

"நானா, நான் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. சாவு வீடியோ உள்ளதான் இருக்கு" என்றேன்.

"நீ போயிட்டு வா தங்கச்சி. நான் பாத்துக்கொள்றேன்" என்றார் நானா.

பார்த்துக்கொண்டார். நான் திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கடைக்குள் டை தெரிந்தது. புதிதாக ஏற்றிய கம்பியூட்டரில் வருமே, பச்சை மலையும் நீல வானமுமாக அந்தப் படம், அதுவும் திட்டுத் திட்டாக, திரை நிறைய. அவர் நாற்காலியில் சாய்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சரியான நேரத்துக்கு வந்தேன் மிஸ். கலர் வைரஸ். சீ டிரைவ்ல இருந்து டீ டிரைவ் வரைக்கும் போயிருச்சு. ரெண்டையும் சேத்து ஃபோமட் பண்ணிட்டேன். என்னோட பாட்டு, படமெல்லாம் ஃப்ரீயா ஏத்தி வச்சிருக்கேன். எல்லாம் கிளீன்."

"சேர், பூங்காவனத்தம்மா?" என்றேன்.

"யாரு?" என்றார்.

நானா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் சும்மா பாருங்கோன்னுதான் சொன்னேன் தங்கச்சி. அவரு கேக்கவே இல்ல. உள்ளுக்கு ஒண்டும் இல்லாம பண்ணிட்டாரு" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். ராணியைப் பற்றி, முகத்தைப் பற்றி, வெள்ளிக்கிழமை குவைத்துக்குப் போகும் பெண்ணைப் பற்றி. சேர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாவு வீடியோவா? அத கடைக்குள்ள வச்சிருக்கறதே சரியில்ல மிஸ். போனதும் நல்லதுக்குத்தான்" என்றார். கையிலிருந்த கேகாலைச் சீடியை அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். நான் எறியவில்லை. கம்பியூட்டருக்குள் போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் எழுத்து சிறுத்தது, கலர் வந்தது, மலை மலையாகவும் வானம் வானமாகவும் தெரிந்தது. உள்ளே அவருடைய சினிமாப் பாட்டுகள் மட்டும் இருந்தன. கேகாலைப் பையன் வந்து நாளெல்லாம் தோண்டிப் பார்த்தான். அழித்ததை மீட்கலாம், அழித்த இடத்தில் இவ்வளவு பாட்டை ஏற்றிவிட்டால் மீட்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை ராணி எடுக்கும்போது உள்ளதைச் சொல்லிவிடுவது என்று நானும் நானாவும் முடிவு செய்தோம். எப்படிச் சொல்வது என்று ஒத்திகை கூடப் பார்த்தோம். சேர் அதற்கு முன்பே தன் பங்குக்கு ஒன்று செய்திருந்தார். சனிக்கிழமை பிளேன்டீக்கு வந்தபோதுதான் தெரியும்.

"அந்தப் பிரச்சினைய நான் முடிச்சிட்டேன் மிஸ். வெள்ளிக்கெழம போன புள்ளகிட்ட ஒரு டிஸ்க் குடுத்து விட்டுட்டேன்."

"என்ன டிஸ்க் சேர்? நமக்கிட்டதான் ஒண்ணுமே இல்லையே?"

"கீழ்த் தோட்டத்துல போன வருஷம் ஒரு சாவு. அந்த வீடியோ எங்கிட்ட கெடந்துச்சு. முகம் வர்ற இடத்த வெட்டிட்டேன். பெட்டி, தப்பு மேளம், வெள்ளக் கொடி, அழுகை எல்லாம் இருக்கு. முன்னால பேரு எழுதி, பின்னால ஒரு சோகப் பாட்டும் போட்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானமாகச் சொன்னார்: "தோட்டத்துச் சாவு எல்லாம் ஒண்ணுதானே மிஸ்."

அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். பங்களாவுக்குப் பக்கத்துக் குவாட்டஸில் பிறந்தாலும் எங்கள் பாதையில் நடந்து, எங்கள் தப்புச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்தான். ஒரு வெள்ளைக்காரத் துரை இதைச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. நானா அவர் குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு. ராணி எடுக்கும் நேரத்துக்குச் சேரும் கடையில்தான் இருந்தார். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்து வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். முடியை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"அக்கா, டிஸ்க் கெடச்சிச்சு. பாத்தேன்" என்றாள் ராணி. அதே வறண்ட குரல்.

"ராணி, நான் ஒண்ணு சொல்லணும்..."

"அது எங்கம்மா இல்லக்கா. மொதல்ல தெரியல. பெட்டிய தூரத்துல காட்டினதும் நான் டீவியப் புடிச்சிக்கிட்டு நின்னுட்டேன். அப்புறம் விடியக்காலையில மறுபடி போட்டுப் பாத்தா, மூணு பொம்பளைங்க அம்மா, அம்மான்னு பெட்டி மேல விழுந்து அழுறாங்க. எங்கம்மாவுக்கு நான் ஒருத்திதானேக்கா."

முகத்தை வெட்டிய ஆள் அழுகையை வெட்டவில்லை. சோகமாக இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். நான் நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். திரை கெட்டதை, கேகாலைக்குப் போனதை, அழித்ததை, வேறொன்றை அனுப்பியதை. முடிந்ததும், "அந்த சேர் இருக்காரா? குடுங்க" என்றாள்.

அவர் டையைச் சரி செய்துகொண்டு ரிசீவரை வாங்கினார். ராணி சத்தம் போடாமல்தான் பேசினாள், இருந்தாலும் எங்கள் பழைய போனில் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்.

"சேர், நான் ஒரு ராத்திரி பூரா அந்த அம்மாவுக்காக அழுதிருக்கேன். அவங்க பேரு என்னாங்க?"

அவருக்குத் தெரியவில்லை. எந்தக் கடையிலும், எந்தத் திரைக்கு முன்னாலும் பதில் இல்லாமல் நின்றிராத மனிதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரிசீவரை உலுக்கி, "ஹலோ? ஹலோ? லைன் கிளியர் இல்ல. வச்சிட்டு மறுபடி எடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"லைன்ல கோளாறு மிஸ்" என்றார் என்னிடம். பையை எடுத்துச் சிப்பை இழுத்து மூடினார். அவர் படியிறங்கும்போதே போன் மறுபடி அடித்தது. திரும்பிப் பார்க்காமல் தெருவைக் கடந்து போய் பஸ்ஸுக்கு நின்றார், கறுப்புப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

நான் எடுத்தேன்.

"அக்கா, நீங்கதானே அத வெட்டுனீங்க. நீங்க பாத்தீங்கதானே. சொல்லுங்க" என்றாள் ராணி.

எத்தனை தடவை ஓட்டி ஓட்டிப் பார்த்த வீடியோ. கண்ணை மூடினேன். காலையில் மழை தூறியதைச் சொன்னேன். அவள் குவைத்திலிருந்து அனுப்பிய மாம்பழக் கலர் சேலையைத்தான் அம்மாவுக்குக் கட்டியிருந்தார்கள் என்று சொன்னேன். கூடப் பால் வெட்டிய பெண்கள் வரிசையாக வந்து வாய்க்கரிசி போட்டதை, அவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொன்னேன். பெட்டியைத் தூக்கும்போது தாய்மாமன் ஒரு பக்கம் சறுக்கியதையும், எல்லோரும் அவரைத் திட்டியதையும் சொன்னேன். அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முகம்?" என்றாள்.

தூங்குகிற மாதிரி இருந்தது, சிரித்த மாதிரி இருந்தது என்றெல்லாம் இப்படிப்பட்ட நேரத்தில் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஏற்கெனவே ஒருவர் அவளுக்குப் பொய்யாக ஒன்றைக் காட்டியிருந்தார்.

"கோவமா இருந்துச்சு ராணி. நீ போன் எடுக்க லேட்டானா வாசல்ல உக்காந்துகிட்டு ஒரு பார்வ பாப்பாங்களே, அப்பிடியே."

ராணி வெடித்து அழுதாள்.

"ஆமாக்கா" என்றாள். "அதுதான் எங்கம்மா."